புளிச்சகீரையில் வந்த சாம்பல் நிறம்

முதலில் என்னை மன்னிக்க வேண்டும். நான் பத்தாவது வரை படித்தவள். தாவரவியல் துறையில் லேப் அட்டெண்டர். துறை மலருக்காகப் பிள்ளைகள் வந்து, "செல்விக்கா, புதுசா லேபுக்கு வர்றவங்களுக்கு ஏதாவது எழுதிக் குடுங்க" என்று கேட்டபோது, முடியாது என்று சொல்லிவிட்டு ஸ்டோர் ரூமுக்குள் போய்விட்டேன். அங்கேயும் வந்து நின்றார்கள். பேராசிரியர்கள் எழுதுகிற பக்கத்தில் நான் எழுதுவது அதிகப்பிரசங்கம்தான். பாடத்தைப் பற்றி நான் சொல்வதில் பிசகு இருந்தால் உங்கள் மேடம்களிடம் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். என் கண்ணால் பார்த்த ஒரு நாளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

1. கீரையும் வெள்ளைப் பொடியும்

மூன்றாம் ஆண்டு பிராக்டிகல் தேர்வில் ஒரு பெரிய கேள்வி எப்போதும் வரும். இலையில் உள்ள நிறங்களைப் பிரித்துக் காட்ட வேண்டும். பார்க்கப் பச்சையாக இருந்தாலும் இலைக்குள் பல நிறங்கள் இருக்கின்றன. மார்ட்டர் என்கிற சின்னக் கல்வத்தில் கீரையைப் போட்டு, அசிட்டோன் விட்டு அரைத்து வடிகட்டினால் பச்சைச் சாறு கிடைக்கும். நீளமாக வெட்டிய குரோமட்டோகிராபி தாளின் அடியில் அந்தச் சாற்றைப் பொட்டு மாதிரி வைத்து, காயவிட்டு, மேலேயே மறுபடி மறுபடி வைக்க வேண்டும். பிறகு அசிட்டோன் துளி கலந்த பெட்ரோலியம் ஈதர் கொஞ்சம் இருக்கிற பெரிய குழாயில் தாளை நிறுத்தினால், ஈதர் மெல்ல மேலே ஏறும்போது நிறங்களையும் இழுத்துக்கொண்டு போகும். எல்லாவற்றுக்கும் மேலே ஆரஞ்சு கலந்த மஞ்சள், அடுத்து இன்னொரு மஞ்சள், அதற்குக் கீழே நீலப்பச்சை, கடைசியில் மஞ்சள்பச்சை. ரெகார்டு நோட்டில் எல்லோரும் இந்த நான்கு பட்டைகளைத்தான் வரைந்திருப்பார்கள்.

அரைக்கும்போது ஒரு சிட்டிகை கால்சியம் கார்பனேட் போட வேண்டும். வெள்ளைப் பொடி. எதற்கு என்று எனக்கு அப்போது தெரியாது. மேஜைக்கு மேஜை ஒரு தாளில் கொஞ்சம் மடித்து வைப்பது என் வேலை, அவ்வளவுதான். பாட்டிலில் பொடி குறைந்தால் வகுப்பறைகளில் மிஞ்சிக் கிடக்கும் சாக்பீஸ் துண்டுகளைப் பொடித்துச் சலித்து அதிலேயே நிரப்பிவிடுவோம். நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பிருந்தே எங்கள் துறையில் அதுதான் வழக்கம். சாக்பீஸும் அதுவும் ஒன்றுதான் என்று துறைத் தலைவி பத்மா மேடத்துக்கு அவருடைய மேடம் சொல்லிக்கொடுத்திருந்தார். அதனால் ஒரு நாளும் தொந்தரவு வந்ததில்லை. சிறுகீரையை அரைத்தோம், பச்சை வந்தது.

2. மழை பெய்த காலை

தேர்வு நாளன்று தண்ணித்துறை மார்க்கெட்டில் கீரை வாங்கிக்கொண்டு போவேன். அன்றைக்கு விடியும் முன்பே நல்ல மழை. எப்போதும் வாங்குகிற மங்கா தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா செல்வி, மழைல லோடே வர்ல. சிறுகீரையும் இல்ல, அரைக்கீரையும் இல்ல. புளிச்சகீர மட்டும்தான் கீது. எடுத்துக்கினு போ."

"சமைக்க இல்ல மங்கா. பிள்ளைங்களுக்குப் பரீட்சை."

"பரீட்சைனா இன்னா, உள்ள வர்ற பசங்களுக்குத் தொக்கு கிண்டிப் போடப் போறியா? கீரைதானே வோணும். இதும் கீரதான்."

நான் பத்மா மேடத்துக்கு போன் செய்து கேட்டேன். மேடத்தின் வீடு மாட வீதிப் பக்கம். குரல் அவசரமாக இருந்தது. "பச்சையா இருக்கோன்னோ? சரி, அதையே வாங்கிண்டு வந்துடு. எக்ஸ்டர்னல் ஆத்துலேர்ந்து கிளம்பிட்டாராம். நான் இன்னும் ஆட்டோவே புடிக்கலை."

வாங்கிக்கொண்டு போனேன்.

3. கஷாயம்

அந்த பேட்சில் பன்னிரண்டு பேர். அதில் நஸ்ரின் என்று ஒரு பெண். அப்பா கோடம்பாக்கத்தில் சினிமாக்காரர்களுக்கு உடை தைத்தவர். கண் பார்வை குறைந்து மிஷினை விட்டுவிட்டார். இந்தப் பெண்ணுக்கு அடையாறு பக்கம் உணவுப் பொருள் பரிசோதிக்கிற லேபில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஒரு நிபந்தனை: அரியர் இல்லாமல் டிகிரி முடிக்க வேண்டும். ஒரு பேப்பர் போனாலும் வேலை வேறு யாருக்காவது போய்விடும். இது துறையில் எல்லோருக்கும் தெரியும். அவளும் என்னைப் போல அதிகம் பேசாதவள். அதனால்தானோ என்னவோ எனக்கு அவள் மேல் ஒரு பிரியம்.

தேர்வு தொடங்கியது. வெளிக் கல்லூரியிலிருந்து தேர்வு நடத்த வந்த எக்ஸ்டர்னல், திருநாவுக்கரசு சார், கேள்வித்தாளைக் கொடுத்துவிட்டு மேடத்தோடு மேஜையில் உட்கார்ந்து கையெழுத்துகள் போட்டுக்கொண்டிருந்தார். பிள்ளைகள் அரைக்க ஆரம்பித்தார்கள். முதலில் நல்ல பச்சையாகத்தான் இருந்தது. நான் பஞ்சு எடுத்து வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் நிறம் மங்கிவிட்டது. ஒவ்வொரு மார்ட்டரிலும் காக்கிச் சட்டை நிறத்தில் ஏதோ இருந்தது.

பட்டினப்பாக்கத்துப் பையன் விக்னேஷ் பக்கத்து மேஜைக்காரனிடம் கிசுகிசுத்தான். "இன்னா மச்சி இது, கஷாயம் மாரி கீது? ஜுரத்துக்குக் குடிக்கலாம் போல."

நஸ்ரின் என்னைப் பார்த்தாள். "அக்கா, எல்லாருக்கும் இப்படியா?"

"எல்லாருக்கும் அப்படித்தான்மா. எனக்கும் ஏன்னு தெரியல."

அவள் இன்னொரு சிட்டிகை வெள்ளைப் பொடி எடுத்துப் போட்டாள். மாற்றமில்லை. தாளில் பொட்டு வைத்து, குழாயில் நிறுத்தினார்கள். ஈதர் ஏறியது. மேலே மஞ்சள் வந்தது. அதற்குக் கீழே, எந்த ரெகார்டிலும் இல்லாத இடத்தில், சாம்பல் நிறத்தில் அகலமான ஒரு பட்டை வந்தது. நீலப்பச்சை இருக்க வேண்டிய இடம் கிட்டத்தட்ட வெறுமையாக இருந்தது. அடியில் மட்டும் மெலிதாக ஒரு மஞ்சள்பச்சை. குழாய்களைத் துடைத்துக் கொடுத்துக்கொண்டு எல்லா மேஜைக்கும் போனதால் நான் பன்னிரண்டையும் பார்த்தேன். பன்னிரண்டும் ஒரே மாதிரி.

பதினொரு பேர் விடைத்தாளில் நான்கு பட்டைகளை, ரெகார்டில் வரைந்த மாதிரியே வரைந்தார்கள். அழகான நீலப்பச்சை, கலர் பென்சிலில். இதுவும் ஒரு வழக்கம்தான். ரிசல்ட் வராவிட்டால் புத்தகத்தில் வந்ததைப் போட்டுவிட்டுப் போவது. யாரும் அதைப் பொய் என்று நினைப்பதில்லை.

விக்னேஷ் நஸ்ரினின் தாளை எட்டிப் பார்த்துவிட்டான். "ஏய், இன்னா சாம்பல்லாம் போட்டுக்கினு கீற? நீலப்பச்சை போடு. எல்லாரும் அதான் போட்டுகிறோம்."

"எனக்கு வரலையே."

"ரெகார்டுல வந்துச்சுல்ல? அதையே நினைச்சுக்கோ."

"ரெகார்டு போன வருஷம் விக்கி. இது இன்னிக்கு" என்று சொல்லிவிட்டு அவள் சாம்பல் பென்சிலைக் கூர்மையாக்கினாள்.

4. வெளுத்துப்போன தாள்கள்

தாள்களை ஒரு அட்டையில் பின் குத்தி சன்னல் பக்கம் வைத்துவிட்டு எல்லோரும் சாப்பிடப் போனார்கள். மழை நின்று வெயில் சுள்ளென்று அடித்தது. இலை நிறங்களுக்கு வெளிச்சம் ஆகாது. தாளில் பிரித்து வைத்தால் இன்னும் ஆகாது. நாங்கள் திரும்பி வந்தபோது பன்னிரண்டு தாள்களிலும் அழுக்கு மாதிரி ஒரு கறைதான் மிச்சம். எது பச்சை, எது சாம்பல் என்று யாராலும் சொல்ல முடியாது. வழக்கமாக எக்ஸ்டர்னல்கள் தாளை அவ்வளவு பார்க்கவும் மாட்டார்கள். படத்தைப் பார்த்து மார்க் போடுவார்கள்.

பத்மா மேடம் விடைத்தாள்களைப் புரட்டிக்கொண்டே வந்து ஒன்றில் நின்றார். நஸ்ரினைக் கூப்பிட்டார்.

"என்னம்மா இது? நீலப்பச்சை, குளோரோபில் ஏ எங்க? கிரேன்னு ஒரு பேண்டு போட்டிருக்கியே?"

"எனக்கு அதுதான் மேடம் வந்தது."

"மத்த பதினொரு பேருக்கும் கரெக்டா வந்திருக்கு. அதே கீரை, அதே சால்வென்ட். உனக்கு மட்டும் எப்படி வராம போகும்? கால்சியம் கார்பனேட் போட மறந்துட்டியா?"

"போட்டேன் மேடம். ரெண்டு தடவை."

மேடத்துக்கு அவளைப் பிடிக்கும். அதனால்தான் கோபம் அதிகமாக வந்தது. "போட்டிருந்தா இப்படி வராது. பொய் சொல்லாதே. ஒரு மேஜர் கொஸ்டின்ல ரிசல்ட்டே இல்லைன்னா நான் என்ன மார்க் போட முடியும்? பாஸ் மார்க் வருமான்னு நீயே கூட்டிப் பாரு."

நஸ்ரின் கூட்டிப் பார்க்கவில்லை. துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள். திருநாவுக்கரசு சார் பேனாவைத் திறந்தார்.

நான் பின்னால் தொட்டியில் மார்ட்டர்களைக் கழுவ ஆரம்பித்திருந்தேன். சொல்லலாமா, வேண்டாமா? சொன்னால் பதினொரு பிள்ளைகள் மாட்டுவார்கள். அவர்களும் என்னை அக்கா என்று கூப்பிடுகிறவர்கள்தான். சொல்லாவிட்டால் இந்தப் பெண் பொய்க்காரி ஆகிவிடுவாள், வேலையும் போய்விடும். இத்தனை வருஷத்தில் தேர்வு நேரத்தில் நான் வாயைத் திறந்ததே இல்லை. திறக்கவும் கூடாது. தண்ணீர்க் குழாயை மூடினேன்.

"மேடம்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "மேடம், எல்லாருக்கும் அப்படித்தான் வந்தது."

மேடம் திரும்பினார். "என்ன செல்வி?"

"சாம்பல். பன்னிரண்டு தாள்லயும் சாம்பல்தான் மேடம் வந்தது. நான் பார்த்தேன். வெயில்ல வெளுத்துப்போச்சு."

விக்னேஷ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். என் கைகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

5. ஒரு சொட்டு ஆசிட்

சார் பேனாவை மூடினார். பதினொரு பேரை அவர் ஒன்றும் கேட்கவில்லை. அப்போதைக்குக் கேட்கவில்லை. நஸ்ரினைத்தான் கேட்டார்.

"சரிம்மா, வைவாவா வெச்சுக்குவோம். உன் கிரே பேண்டு என்னது?"

"பியோபைட்டின் சார்." மெதுவாகத்தான் ஆரம்பித்தாள். "குளோரோபில் நடுவுல ஒரு மக்னீசியம் இருக்கும். ஆசிட் பட்டா அது வெளிய போயிடும். அப்ப பச்சை போயி சாம்பலா ஆயிடும்."

"ஆசிட் எங்கேர்ந்து வந்தது?"

"கீரையிலேர்ந்து சார். இன்னிக்கு புளிச்சகீரை. இலை முழுசா இருக்கிறப்ப புளிப்பு தனியா இருக்கும், பச்சை தனியா இருக்கும். அரைச்சா ரெண்டும் கலந்துடும்."

"அதுக்குத்தானே கால்சியம் கார்பனேட்? புளிப்பை அடக்கத்தானே?"

"ஆமா சார். போட்டேன். அப்புறமும் ஏன் ஆச்சுன்னுதான் எனக்குப் புரியல."

வெள்ளைப் பொடி எதற்கு என்று எனக்கும் அப்போதுதான் தெரிந்தது.

சார் என் பக்கம் பார்த்தார். "அம்மா, அந்த பாட்டிலைக் கொஞ்சம் எடுத்துட்டு வாங்க. டைலூட் ஆசிட்டும்."

வாட்ச் கிளாஸ் என்கிற சின்னக் கண்ணாடித் தட்டில் கொஞ்சம் பொடியைக் கொட்டி, டிராப்பரால் ஆசிட்டை ஒரு சொட்டு விட்டார். உண்மையான கால்சியம் கார்பனேட் என்றால் சோடா மாதிரி புஸ்ஸென்று பொங்கும். இது ஓரத்தில் இரண்டு மூன்று குமிழி விட்டது. பிறகு ஒன்றுமில்லை. நனைந்த மாவு மாதிரி கிடந்தது. இன்னொரு சொட்டு விட்டார். அப்படியே கிடந்தது.

"இது என்ன பொடிம்மா?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் பத்மா மேடம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "சாக்பீஸ்" என்றார். "சாக்பீஸ் சார். நாங்கதான் ரொப்பி ரொப்பி வெச்சிண்டிருக்கோம். நான்தான் ரொப்பச் சொல்றது."

"இப்பல்லாம் சாக்பீஸ் ஜிப்சத்துல பண்றாங்க மேடம். முன்ன மாதிரி இல்ல. அது புளிப்பை ஒண்ணும் பண்ணாது."

"சிறுகீரையில இத்தனை வருஷம் தெரியவே இல்லை பாருங்களேன்!"

"அதுல புளிப்பு கம்மி. தப்பிச்சுக்கிட்டே வந்திருக்கீங்க." சார் சிரித்தார். "எங்க டிபார்ட்மெண்ட்லயும் இப்படி ஒரு பாட்டில் இருக்கு. நாளைக்குப் போனதும் முதல் வேலை அதுல ஆசிட் விட்டுப் பாக்கணும்."

மேடம் எழுந்து நஸ்ரினிடம் போனார். "பொய் சொல்றேன்னு சொல்லிட்டேனே. மனசுல வெச்சுக்காதேம்மா" என்று அவள் தோளில் கை வைத்தார். அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அந்தப் பெண்ணுக்கு அப்போதுதான் வந்தது. மேடம் தன் கைக்குட்டையைக் கொடுத்தார்.

6. மற்ற பதினொரு பேர்

இப்போது சார் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். வரிசையாக நின்றார்கள்.

"உங்களுக்கெல்லாம் நீலப்பச்சை வந்ததா?"

எல்லோரும் விக்னேஷைப் பார்த்தார்கள்.

"தம்பி, நீ சொல்லு."

விக்னேஷ் தொண்டையைச் செருமினான். "வர்ல சார். வந்திருக்கணும் சார். அதான் போட்டேன்."

சாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேடத்துக்கு வரவில்லை. எல்லோருக்கும் பூஜ்யம் போட வேண்டும் என்றார். சார் பொடி பாட்டிலைக் காட்டினார். "மேடம், கெமிக்கல் நாம தப்பாக் குடுத்திருக்கோம். அதுக்கு மறுபடி ஒரு சான்ஸ் குடுக்கலாம். ஆனா இந்தத் தடவை கண்ணுக்குத் தெரியறதைத்தான் வரையணும். வேற ஏதாவது இருந்தா பூஜ்யத்தை நானே போடறேன்" என்றார். மேடம் ஒப்புக்கொண்டார்.

நல்ல பொடிக்கு எங்கே போவது? கீழே வேதியியல் துறை. அங்கேயும் தேர்வு. வேற்றுத் துறையின் தேர்வுக்கு நடுவில் நான் நுழைந்ததே இல்லை. வாசலில் நின்று அட்டெண்டர் முருகேசனுக்குக் கை காட்டினேன். அவன் பாட்டிலை எடுத்து வந்தான்.

"ஒரு சொட்டு ஆசிட் விட்டுக் காட்டு முருகேசா."

"இன்னாக்கா, எங்க பாட்டில் மேலயே டவுட்டா? இது கெமிஸ்ட்ரி டிபார்ட்மெண்ட்டு."

"விட்டுக் காட்டுப்பா."

விட்டான். புஸ்ஸென்று பொங்கியது. எனக்கு ஒரு நிம்மதி. அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆசிட்டு பொங்குனதுக்கு இப்டி சிரிக்கிற ஆள இப்பதான்க்கா பாக்கறேன்" என்றான்.

மிச்சமிருந்த கீரையைப் பங்கு வைத்தோம். பொடியைத் தாராளமாகப் போட்டு மறுபடி அரைத்தார்கள். பச்சை பச்சையாகவே நின்றது. தாளில் நீலப்பச்சை வந்தபோது மேஜைக்கு மேஜை பெருமூச்சு விட்டார்கள். நஸ்ரினும் யாரும் சொல்லாமலே இன்னொரு தடவை செய்தாள். புளிச்சகீரையின் புளிப்பு முழுக்க அடங்கவில்லை போலிருக்கிறது. பல தாள்களில் மேலே லேசாக ஒரு சாம்பல் கோடும் இருந்தது. இந்தத் தடவை அதையும் யாரும் விடாமல் வரைந்தார்கள்.

ஒரே ஒரு பையன் மட்டும் பயந்துபோய்க் கை தூக்கினான். "சார், எனக்கு கிரே வரவே இல்ல. பரவாயில்லையா சார்?"

லேபே சிரித்தது. மேடமும் சிரித்தார்.

தாள்களை வெயில் படாமல் இந்தத் தடவை மேஜை இழுப்பறைக்குள் வைத்தேன். எல்லோரும் கிளம்பும்போது விக்னேஷ் தொட்டிப் பக்கம் வந்தான். திட்டத்தான் வருகிறான் என்று நினைத்தேன்.

"நல்லா போட்டுக் குடுத்தீங்கக்கா. நீங்க பேசுவீங்கன்னே எங்களுக்குத் தெரியாது."

"எனக்கும் தெரியாதுப்பா."

"நஸ்ரினுக்கு வேலை போயிருந்தா நாங்கதான் காரணம் ஆயிருப்போம்" என்றான். பிறகு நான் கழுவிய மார்ட்டர்களைத் துடைத்து அலமாரியில் அடுக்கிவிட்டுப் போனான். நான் கேட்கவில்லை.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். பாட்டிலின் மேல் ஒட்டியிருக்கிற பெயரை மட்டும் நம்பாதீர்கள். எதை நிரப்பினாலும் நிரப்புவதற்கு முன்னால் சோதித்துப் பாருங்கள். இலையிலிருந்து நிறத்தைப் பிரிக்கும்போதே அது வேறொன்றாக மாறிவிடும். புளிப்பு பட்டாலும் மாறும், வெளிச்சம் பட்டாலும் மாறும். அதனால் பார்த்ததை அப்போதே, பார்த்தபடியே எழுதி வையுங்கள். பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான் என்றால் வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். குரல் நடுங்கினால் பரவாயில்லை.

அந்தத் தேர்வுக்கு மறுநாள் காலையில் மதிப்பெண்கள் பல்கலைக்கழகத்துக்குப் போயின. பன்னிரண்டு பேரும் பாஸ்.